மடிப்புக் கலையாத கண் பரிசோதனைச் சீட்டு

நான் தன்னார்வலராகச் செல்லும் மாலை நேர வாசிப்பு வகுப்பில் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி, புத்தகம் மூக்கைத் தொடும்படி பிடித்துக்கொண்டுதான் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பள்ளியில் அவளை மந்தமான பிள்ளை என்று முடிவுகட்டி, கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மாவிடம் பேசியபோதுதான், நான்கு மாதங்களுக்கு முன்பே ஒரு மருத்துவ முகாமில் கிட்டப்பார்வை என்று கண்டறிந்து சீட்டு எழுதிக் கொடுத்திருந்தது தெரியவந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடைக்காது என்பதால் கண்ணாடி வாங்குவது தள்ளிக்கொண்டே போக, அந்தச் சீட்டு மடிப்புக் கலையாமல் அவருடைய பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. முகாம் நடத்தியவர்கள், ஆசிரியர், வாசிப்பு வகுப்பினராகிய நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தோம். ஒருவரோடு ஒருவர் பேசத்தான் இல்லை.

ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு ஊர் கூடி உதவுவது என்றாலே பையும் நோட்டுப் புத்தகமும் வழங்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவை தேவைதான், ஆனால் வீடு, மருத்துவமனை, நூலகம், பள்ளி ஆகியவற்றுக்கு இடையே விழும் இடைவெளியில்தான் இந்தக் குழந்தைகள் தவறிப்போகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 1962 முதல் 1967 வரை ஏழைக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்காக நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வில் இடம்பெற்ற 123 குழந்தைகளில் 58 பேருக்கே முன்பள்ளி வாய்ப்பு அளிக்கப்பட்டது. மற்றவர்களோடு ஒப்பிட்டு, நாற்பது வயது வரைக்கும் அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்த 58 பேரிடம் தொடக்கத்தில் தெரிந்த நுண்ணறிவு மதிப்பெண் உயர்வு சில ஆண்டுகளில் மங்கிவிட்டாலும், அவர்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அதிகம். என்னை ஈர்ப்பது, ஆசிரியர்களே வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் அமர்ந்தார்கள் என்பதே. சிகாகோவில் 1967இல் தொடங்கிய குழந்தை-பெற்றோர் மையங்களில் பெற்றோருக்கென்றே தனி அறையும் அதற்கொரு ஆசிரியரும் இருந்தார்கள். முன்பள்ளியில் தொடங்கிய அந்த உதவி மூன்றாம் வகுப்பு வரை தொடர்ந்தது. 1989இல் பாஸ்டனில் மருத்துவர்கள் வழக்கமான பரிசோதனைக்கு வரும் குழந்தைகளின் கையில் புத்தகம் கொடுக்கத் தொடங்கியதும் இதே வழியில்தான்: குடும்பம் ஏற்கெனவே வந்துபோகும் இடத்துக்கு உதவியும் போய்ச் சேர்ந்தது.

இப்போது நாங்கள் மாதம் ஒருமுறை ஆசிரியரோடும் சுகாதாரப் பணியாளரோடும் உட்காருகிறோம். அது பெற்றோர் வேலை முடிந்து வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும் என்பதும், அவர்களின் சம்மதம் இல்லாமல் குழந்தையைப் பற்றிய எதையும் பகிரக் கூடாது என்பதும் நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள். (இரண்டாவதை நினைவூட்டியவர் ஒரு தாய்தான், நாங்களாக யோசித்திருக்க வேண்டியது அது.) தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்பதையும் அங்கேயே பெயர் சொல்லி முடிவுசெய்துவிடுகிறோம்.

அந்தச் சிறுமிக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். புதிய ஆசிரியருக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது. வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரமே அவளுடைய அம்மாவும் நானும் அவரைச் சந்திப்பதாக இருக்கிறோம்.