மூச்சும் கொட்டானும்

“உக்காந்துக்கிட்டே தூங்குறியாப்பா?”

எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில், அந்த உள்முற்றத்தில், கண்மூடி இருந்தேன். எதிரே தேக்குத் தூணில் சாய்ந்தபடி அப்பத்தா கொட்டான், அதாவது ஓலைக் கூடை, முடைந்துகொண்டிருந்தாக.

“இல்ல அப்பத்தா, மூச்சைப் பாக்குறேன்.”

“அது பாட்டுக்குப் போய்ட்டு வருது. அதுல பாக்க என்ன இருக்கு?”

பத்து நாள் விபாசனா தியான முகாமில் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அடக்காதே, இழுக்காதே. அது பாட்டுக்கு வந்து போவதை மூக்கடியில் கவனி. மனசு நழுவினால் கோபப்படாமல் திரும்பக் கூட்டி வா. எனக்குக் கோபம் மட்டும்தான் ஒழுங்காக வருகிறது.

அப்பத்தாவுக்கு ஓர் ஓலை தடம் மாறிவிட்டது.

‘ச்சே’ இல்லை. பெருமூச்சு இல்லை. நாலு மடிப்பைப் பிரித்து, ஓலையில் ஈரம் தொட்டு, தப்பின இடத்திலிருந்து மறுபடி.

இந்தத் தூண் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இந்தத் தியானமும் அங்கிருந்துதான். 1969-இல் தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய குரு ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். கணக்குக்காரர்!

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மா போன நம்ம ஐயாக்கள் தேக்கைக் கொண்டுவந்தார்கள், அரக்குச் சாமான் கொண்டுவந்தார்கள். இதை மட்டும் எப்படி விட்டுவிட்டு வந்தார்களோ.

“பாத்து முடிச்சிட்டியா? பணியாரம் ஆறுது.”