ஏழாம் எண் மரம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேற்குப் பக்கம் உள்ள ஒரு கவுன்சிலில் சாலை வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. பள்ளிப் பேருந்தும் பால் லாரியும் எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டும், அவ்வளவு குறுகல். கோப்பைக் கொடுத்த மேலாளர், எழுந்து போகும்போது, "செடிகொடி விவகாரத்தையும் நீயே பார்த்துவிடு" என்றார். ஒரு மாத வேலை என்று எண்ணினேன். பதினான்கு மாதம் இழுத்தது.

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடு என்பது நமக்கெல்லாம் ஊறிப்போன கணக்கு. நானும் அந்தக் கணக்கோடுதான் முதல் நாள் போனேன். எத்தனை கன்று, எங்கே நடுவது என்று கேட்டதும் எங்களோடு வந்த சூழலியலாளர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷி. "நடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாலையோரத்தில் மண்டியிட்டார்.

எனக்கு அது வெறும் காய்ந்த புல். அவர் அதில் ஒரு கொத்தைப் பிரித்துக் காட்டினார்: கங்காரு புல், செம்பழுப்புக் கதிர். அதற்கும் பக்கத்துக் கொத்துக்கும் நடுவே விரல்கடை அளவு வெற்று மண். அந்த இடைவெளியில்தான் வசந்தத்தில் சின்னச் சின்னப் பூச்செடிகள் தலைகாட்டுமாம். எரிமலைக் குழம்பு பரவி உண்டான இந்தச் சமவெளி ஒரு காலத்தில் முழுக்க இப்படிப்பட்ட புல்வெளியாகத்தான் இருந்திருக்கிறது. உழுதும் மேய்த்தும் தீர்த்தது போக, எஞ்சியிருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. உழவும் உரமும் எட்டாத சாலையோரங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் பழைய இடுகாடுகளிலும்தான் அதில் பல துண்டுகள் பிழைத்துக் கிடக்கின்றன. சாலை காப்பாற்றி வைத்ததைச் சாலைக்காகவே அழிக்கப் போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இங்கே நாட்டுத் தாவரங்களை அகற்ற 1989 முதலே அனுமதி வேண்டும். இப்போதைய விதிமுறைகள் 2017இல் வந்தவை. நிலைத்து வளரும் தரைச்செடிகளில் கால் பங்காவது இந்த மண்ணுக்குரியதாக இருந்தால் அதை ஒரு 'துண்டு' என்று கணக்கில் எடுத்தாக வேண்டும். துண்டின் பரப்பை அதன் தரத்தால் பெருக்குவார்கள். ஒரு ஹெக்டேர் புல்வெளி 100க்கு 30 மதிப்பெண் வாங்கினால், 0.3 'வாழிட ஹெக்டேர்'. பிறகு, அந்த இடம் மாநில அளவில் எவ்வளவு முக்கியம் என்று அரசு வரைபடம் தரும் மதிப்பும் உள்ளே வரும். வந்த விடையை 1.5ஆல் பெருக்கினால், அழித்ததற்குப் பதிலாக வேறிடத்தில் நாம் காத்துக் கொடுக்க வேண்டிய ஈடு. ஏதாவது ஓர் அரிய இனத்துக்கே உரிய ஈடு என்றால் 2ஆல் பெருக்க வேண்டும்.

எங்கள் முதல் வரைபடப்படி அகற்றும் பரப்பு அரை ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. தாண்டினால் விரிவான மதிப்பீடு கட்டாயம். அதற்கு நாங்கள் போய் நின்ற மாதம் ஜூலை, இங்கே நடுக்குளிர்காலம். பூ இல்லாமல் பல செடிகளை இன்னதென்று சொல்ல முடியாது, வசந்தம் வரை காத்திருங்கள் என்றார்கள். இந்தக் காத்திருப்பு என் தவறு. கோப்பு கைக்கு வந்த வாரமே ஒரு சூழலியலாளரைக் கூப்பிட்டிருந்தால், ஆய்வுக் காலத்தை வைத்து மற்ற வேலைகளைத் திட்டமிட்டிருக்கலாம்.

பொன் வெயில் அந்துப்பூச்சி என்று ஓர் அரிய இனம் இப்படிப்பட்ட புல்வெளியில் உண்டு, அது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாயே கிடையாது, சில நாள்தான் உயிர். வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும், வெயில் நன்றாக ஏறிய நடுப்பகலில்தான் ஆண்பூச்சி தரையை ஒட்டிப் பறக்கும். பெண் பெரும்பாலும் பறப்பதே இல்லை, புல் இடையில் உட்கார்ந்து மஞ்சள் பின்னிறகைக் காட்டும். அதற்காகச் சூழலியலாளர் நவம்பர், டிசம்பரில் திரும்பத் திரும்ப வந்து நடந்தார். ஒருநாள் நானும் கூட நடந்தேன், தலை சுட்டது. பூச்சி இல்லை. மனதில் நிம்மதி, கூடவே கொஞ்சம் ஏமாற்றமும். ஆஸ்திரேலிய ஒன்றிய அரசின் 1999ஆம் ஆண்டுச் சூழல் பாதுகாப்புச் சட்டம் தனிக் கதை. எங்கள் புல்வெளியின் தரம் அதன் வரம்பை எட்டவில்லை என்பதால் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

பூச்சிக்குக் காத்திருந்த மாதங்களில்தான் உருப்படியான வேலை நடந்தது. தவிர், குறை, பிறகுதான் ஈடு என்பது வரிசை. முதல் இரண்டையும் செய்ததற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். நான் எழுதியது ஒன்றரைப் பக்கம், எல்லாம் பொதுப் பேச்சு. "ஏன் எதிர்ப்பக்கம் அகலப்படுத்தவில்லை?" என்ற ஒற்றைக் கேள்வியோடு திரும்பி வந்தது. என்னிடம் பதில் இல்லை. எதிர்ப்பக்கம் முழுக்க வெளிநாட்டுப் புல், ஒரு மின்கம்ப வரிசை, அவ்வளவுதான். நடுக்கோட்டை அந்தப் பக்கம் நகர்த்தினேன், ஒரு இடத்தில் சரிவை வெட்டுவதற்குப் பதில் தடுப்புக் கம்பி போட்டேன். மண் குவிக்கவும் லாரி திரும்பவும் குறித்திருந்த இடத்தைப் பக்கத்து விவசாயியின் உழுத நிலத்துக்கு மாற்றினோம். சாலையை விட அந்த மண்குவியல்தான் அதிகப் புல்லைத் தின்றிருக்கும் என்பது வரைபடத்தில் வண்ணம் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அகற்றும் பரப்பு பாதிக்கும் கீழே வந்தது.

இனி மரங்கள். ரிவர் ரெட் கம், தைலமரக் குடும்பம். தண்ணீரை உறிஞ்சும் சனியன் என்று நம்மூரில் திட்டு வாங்கும் அதே ஜாதி, இங்கே மண்ணின் மைந்தன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். தனித்து நிற்கும் பெரிய மரம் ஒன்று போனால், 15 மீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதும் போனதாகக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துத் தகரத் துண்டில் அடித்தார்கள்.

ஏழாம் எண் மரத்தில் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. ஆளுயரத்துக்கு மேலே ஒரு பொந்து. அதன் விளிம்பு பறவைகள் உரசி உரசி மழுங்கியிருந்தது, உள்ளிருந்து காலா கிளி ஒன்று எட்டிப் பார்த்துக் கத்தும். இந்த மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் மார்தட்டிக்கொண்டிருந்தேன், சாலை விளிம்பு அதைத் தொடவே இல்லை. ஆனால் தொட்டது வடிகால். அடிமரத்தின் விட்டத்தை 12ஆல் பெருக்கினால் வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரம், அதிகபட்சம் 15 மீட்டர். அந்த வட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தோண்டினால், மரம் நின்றாலும் போனதாகவே கொள்ள வேண்டும். வடிகாலை இன்னும் தள்ளினால் தண்ணீர் ஓட வாட்டம் கிடைக்காது. மூன்று விதமாக வரைந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு எதிரே 'இழப்பு' என்று எழுதினேன்.

பெரிய மரம் போனால் ஈடு நிலத்திலும் அத்தனை பெரிய மரங்கள் இருக்க வேண்டும், ஏற்கெனவே நிற்கும் மரங்கள். கன்றுக் கணக்கு இங்கே செல்லாது என்பது கடைசியில் எனக்குப் புரிந்த இடம் இதுதான். யாரோ ஒருவர் தன் நிலத்தில் எஞ்சியிருக்கும் காட்டையோ புல்லையோ இனி ஒருபோதும் அழிப்பதில்லை என்று பத்திரத்தில் ஏறும் ஒப்பந்தம் போடுகிறார். பத்து ஆண்டுத் திட்டப்படி களை எடுக்கிறார், முயலை ஒழிக்கிறார், வேலி போடுகிறார், ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். அதனால் வரும் முன்னேற்றம் கிரெடிட்டாகி மாநிலப் பதிவேட்டில் ஏறும். நாம் அதைத் தரகர் வழியாக வாங்குகிறோம். நம் அனுமதி எண் அதில் ஏறிவிட்டால் அதே கிரெடிட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்த ஈடு நிலம் நாம் அழித்த இடத்தின் அதே நீர்ப்பிடிப்பு மண்டலத்திலோ அதே கவுன்சில் எல்லையிலோ இருக்க வேண்டும், இடத்தின் முக்கியத்துவ மதிப்பு நாம் அழித்ததில் 80 சதவீதமாவது வர வேண்டும். தரகர் அனுப்பிய முதல் பட்டியலில் பரப்புக்குக் குறைவில்லை, பெரிய மரம்தான் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஆட்டுப்பண்ணைக்காரரின் நிலம் பொருந்தியது.

வாங்கிய சான்றைக் காட்டாமல் ஒரு புல்லைக்கூடத் தொடக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. ஒப்பந்தக்காரர் இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துவிட்டுத் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். சான்று வந்த மறுநாள் வேலி கட்டி, 'உள்ளே வராதே' பலகை மாட்டினோம். மூன்றாம் நாளே வேலியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் லாரியை உள்ளே நிறுத்தியிருந்தார்கள், புல்லின் மேல் இரண்டு சக்கரத் தடம். கத்தினேன். காலை உணவு வேளையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் கங்காரு புல்லைப் பிரித்துக் காட்டினேன், எனக்குக் காட்டியதைப் போலவே. அதற்குப் பிறகு வேலி கழறவில்லை.

ஏழாம் எண்ணை வெட்ட அனுமதி இருந்தது, ஈடும் கொடுத்தாயிற்று. வெட்டித் தரட்டுமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வடிகால் தோண்டியபோது மரம் இருந்த பக்கம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் தோண்டச் சொன்னேன், கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர்களை ரம்பத்தால் நேராக அறுத்தார்கள். சாலை திறந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. உச்சியில் ஒரு கிளை காய்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் பச்சை. பதிவேட்டில் அது இல்லாத மரம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பொந்தில் கிளி இருந்தது, என்னைப் பார்த்துக் கத்தியது.