ஐபிஏ ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம்

நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன். டைல்ஸ் ஒட்டும் வேலை. இப்போது சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து தம்பிகள் போன் பண்ணி, "அண்ணே, பர்மிட் எப்படி எடுத்தீங்க? யார்கிட்ட எவ்வளவு கட்டினீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட, நான் வந்த வழியை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பணம். எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டுவதில்லை. அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போகும், அரை ஏக்கர் ஒத்திக்குப் போகும், பற்றாததற்கு வெளியில் வட்டிக்கு வாங்குவார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே மூன்று லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் வட்டியாக மட்டும் போகும். விமானம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த வட்டி ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு எங்கள் தெருவிலிருந்து கிளம்பிய பையன்கள் பலர் இப்படிக் கடன் வாங்கித்தான் கிளம்பினார்கள். அவர்களில் சிலர் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு குறுவை போய் அடுத்த சம்பாவும் போய், "விசா வந்துடும்" என்ற பதிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் எந்தத் தாள் முதலில் வர வேண்டும், எந்தப் பணம் அதற்குப் பிறகு போக வேண்டும் என்ற வரிசையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

டவுனில் ஒரு ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, டூரிஸ்ட்ல போய் இறங்கிடு, மத்ததை அங்க பார்த்துக்கலாம். பாஸ்போர்ட்டையும் ஒரு லட்சத்தையும் கொடுத்துட்டுப் போ" என்றார். சிங்கப்பூரில் சுற்றுலா அனுமதியில் வேலை பார்த்தால் அது குற்றம். கட்டுமான வேலைக்கு கம்பெனி முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் ஆள் கிளம்ப வேண்டும். "அண்ணே, உங்க லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்" என்றேன். "அதெல்லாம் சென்னை ஆபீஸ்ல இருக்கு" என்றார். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் ஏஜெண்ட் பேசும் தோரணையே மாறிவிடும். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் தஞ்சாவூர் சேவை மையத்தில் எடுத்தது. அதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை, ஆனால் பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதுவார்கள். அந்த எழுத்துக்கூட்டல் ஆதார், பத்தாம் வகுப்பு சான்றிதழ், பின்னால் எழுதப்போகும் பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். சிங்கப்பூர் தாள்கள் எல்லாம் பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் அடிக்கப்படும். ஓர் எழுத்து மாறினாலும் ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது நல்லது.

பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சான்றிதழைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் விழும், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு. சிங்கப்பூருக்கு அது தடையில்லை. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். என்னோடு படித்தவன் ஒன்பதாவதோடு நின்றவன், ஓமனுக்குப் போனான். அவனுக்கு இ-மைக்ரேட் வழியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது, பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான் பிரீமியம், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். அவன் அப்பா அந்தத் தாளைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறார். அலைச்சலாகத் தெரியும் அந்த அனுமதிதான், வேலை ஒப்பந்தம் அரசின் கண்ணில் ஒரு முறையாவது படுவதற்கு வழி செய்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்லி விசிட் விசாவில் ஏற்றுகிறவர்களை நம்ப வேண்டாம்.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். கட்டுமானத் துறையில் நம் ஊர் ஆளுக்குப் பர்மிட் வேண்டுமென்றால் அங்குள்ள கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்றுக்கொண்ட திறன் பரீட்சையில் தேற வேண்டும். நம் ஆட்கள் "ஸ்கில் அடிக்கிறது" என்பார்கள். அந்த ஆணையம் அங்கீகரித்த மையமா என்று பார்த்துத்தான் சேர வேண்டும். டைல்ஸ், பிளம்பிங், வயரிங், கம்பி கட்டுவது, சென்ட்ரிங் என்று தொழில்வாரியாகப் பரீட்சை. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு.

எனக்கு டைல்ஸ் வேலை கைவந்த வேலை. மன்னார்குடியிலும் திருவாரூரிலும் எத்தனையோ வீடுகளுக்கு ஒட்டியிருக்கிறேன். ஆனால் பயிற்சி மையத்தில் முதலில் கையில் கொடுத்தது ஒரு வரைபடம். எல்லா அளவும் மில்லிமீட்டரில். ஊரில் மேஸ்திரி "ஒரு இஞ்சு விடுப்பா" என்பார், அதுதான் எங்கள் கணக்கு. இங்கே சுவரின் எந்த மூலையில் தொடங்க வேண்டும், வெட்டிய டைல் எந்தப் பக்கம் வர வேண்டும், இடைவெளி எத்தனை மில்லி என்று படத்திலேயே இருந்தது. முதல் வரிசைக்குக் கீழே மட்டப்பலகை அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு, அப்புறம்தான் கலவையைத் தொட வேண்டும். நான் கண் மட்டத்தில் வேகமாக ஒட்டிப் பழகியவன். பயிற்சியாளர், அவரும் சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்தவர், பின்னால் நின்று ரசமட்டத்தை என் மூன்றாவது வரிசை மேல் வைத்தார். குமிழ் கோட்டைத் தாண்டி நின்றது. ஒன்றும் பேசாமல் மொத்தத்தையும் பெயர்க்கச் சொன்னார். கலவை காய்வதற்குள் டைலைப் பெயர்த்து, துடைத்து, மறுபடி முதல் வரிசையிலிருந்து ஒட்டினேன். பரீட்சை அன்று நேரம் முடிவதற்குள் கிரவுட் அடித்துத் துடைத்து முடிக்க முடிந்ததற்கு அந்தப் பெயர்ப்புதான் காரணம். இப்போது இங்கே சைட்டில் சூப்பர்வைசர் அளந்து பார்க்கும்போது கை நடுங்காமல் நிற்கிறேன். ஆகையால் "காசு கொடுத்தால் பாஸ் போட்டுத் தருவோம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சான்றிதழ் தாளாக வந்துவிடும், மட்டம் கையில் வராது.

பயிற்சிக்கும் பரீட்சைக்கும் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்கினேன்.

ஸ்கில் தேறிய பிறகு, அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த சித்தப்பா மூலமாக ஒரு கம்பெனி அமைந்தது. கம்பெனிதான் மனிதவள அமைச்சில் விண்ணப்பிக்கும். தொழிலாளி விண்ணப்பிக்க முடியாது. ஆளுக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகையும், மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவியும் கம்பெனி பொறுப்பு, அதை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வருவதுதான் ஐபிஏ, முதல்கட்ட ஒப்புதல் கடிதம். இது தமிழிலும் கிடைக்கும். கிளம்புவதற்கு முன்பே அதை நம் மொழியில் நம் கையில் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. ஆங்கிலத்தில் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு வந்த தாளை நானும் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். கம்பெனி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், நிலையான அலவன்ஸ், நிலையான பிடித்தம், ஏஜெண்ட் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். போனில் எனக்குச் சொன்னது அடிப்படை 800 வெள்ளி. தாளில் அடிப்படை 600, அலவன்ஸ் 200. "மொத்தம் சரியாத்தானேடா இருக்கு" என்றாள் அக்கா. மொத்தம் சரிதான். ஆனால் ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் வரும். மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52-ஆலும் 44-ஆலும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. 800 என்றால் மணிக்கு சுமார் 6.29 வெள்ளி, 600 என்றால் 4.72. மாதத்துக்கு 72 மணி நேரம் வரை ஓவர்டைம் பார்க்கலாம். முழுதும் பார்த்தால் மாதம் 113 வெள்ளி வித்தியாசம். வட்டிப் பணம் முழுதும் அதிலேயே அடங்கிவிடும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "வந்த பிறகு பேசிக்கலாம்டா" என்று அவர் சொல்லவில்லை, நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் பேசினார். விண்ணப்பத்தை மறுபடி போட்டார்கள். அடிப்படை 700, அலவன்ஸ் 100 என்று புதுத் தாள் வந்தது. முழுதாக 800 ஆகவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தாளில் அறிவித்த சம்பளத்தை நம் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பின்னால் குறைக்க முடியாது. அதனால் பேரம் எல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்புதான். பிறகு தாளில் உள்ள விவரங்களை மனிதவள அமைச்சின் தளத்தில் நானே போட்டுப் பார்த்தேன். உண்மை என்று காட்டியது. போலி ஐபிஏ அடித்துக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் இதை ஏஜெண்ட் போனில் பார்க்காமல் உங்கள் போனில் பாருங்கள்.

அதன் பிறகுதான் சிங்கப்பூர் ஏஜென்சிக்குக் கட்டணம் கட்டினேன். அங்குள்ள சட்டப்படி அவர்கள் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். அந்த வரம்புக்குள்தான் கேட்டார்கள்.

கிளம்பும் முன் ஒரு சின்ன விஷயம். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே செய்து காசு பறிக்கும் தளங்கள் இருக்கின்றன, டிராவல்ஸில் தனியாகக் காசு கேட்கிறவர்களும் உண்டு. திருச்சியிலிருந்து விமானம். ஐபிஏ, ஸ்கில் சான்றிதழ் இரண்டையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருந்தேன், குடிநுழைவில் ஐபிஏ கேட்டார்கள்.

இறங்கியதும் புதிதாக வரும் கட்டுமானத் தொழிலாளிகளுக்கான மையத்தில் சில நாள் தங்க வைத்தார்கள். அங்கேயே மருத்துவப் பரிசோதனையும், உரிமைகள் பற்றித் தமிழில் ஒரு வகுப்பும். பரிசோதனையில் காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா பார்ப்பார்கள். இதில் தேறாவிட்டால் பர்மிட் இல்லை, திரும்ப வேண்டியதுதான். பழைய சளி, நுரையீரல் தழும்பு என்று ஏதாவது இருந்தால் கடன் வாங்குவதற்கு முன்பே ஊரில் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் பாதுகாப்புப் பயிற்சி, கைரேகை, போட்டோ, கார்டு. கார்டும் பாஸ்போர்ட்டும் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

தம்பிகள் அடிக்கடி கேட்பது எஸ் பாஸ், அதாவது ஒர்க் பர்மிட்டுக்கு அடுத்த படியில் உள்ள வேலை அனுமதி. அதற்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. தாளில் அப்படிக் காட்டிவிட்டு, சம்பளத்தில் பாதியைக் கையில் திருப்பிக் கேட்கும் கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். வேலை கொடுப்பதற்கோ பர்மிட் புதுப்பிப்பதற்கோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள், பழைய கம்பெனியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமானக் கம்பெனிக்கு மாறவும் நமக்கு வழி உண்டு. புதுப்பிக்கக் காசு கேட்டால் இந்த நாட்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 முதல் சாதாரணத் திறன் ஆளுக்குக் கம்பெனி கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஆளுக்கு 500. நாம் உயர்திறனுக்குப் போனால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம், சம்பளம் ஏற்றிக் கேட்க அதுதான் நமக்குப் பிடி. 2025 ஜூலை முதல் இத்தனை வருடம்தான் வேலை பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள், 63 வயது வரை பார்க்கலாம். அதனால் உயர்திறனுக்குப் போவதற்காக, இந்தப் பர்மிட் முடிவதற்குள் இன்னொரு தொழிலிலும் பரீட்சை எழுத ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பிளம்பிங் எடுத்திருக்கிறேன்.