கட்டில் கம்பியை யார் துடைப்பது?

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மலத்தைச் சோதித்துவிட்டு, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமி என்று சொல்லித் தனி அறைக்கு மாற்றினார்கள். டாக்டர், மருந்து விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. நான் படாத பாடு பட்டது, அந்த அறையைத் தினமும் ஒழுங்காகத் துடைக்க வைப்பதற்கு. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆற்றாமை தீரவில்லை.

காலையில் ஒருவர் வருவார், குப்பையை எடுப்பார், மாப் போடுவார், போய்விடுவார். தரை பளிச்சென்று இருக்கும், மருந்து நெடி மூக்கைத் துளைக்கும். ஆனால் அப்பாவின் கை தரையிலா படுகிறது? எழுந்திருக்கக் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடிக்கிறார். காலிங் பெல், சாப்பாட்டு மேசை, டிரிப் ஸ்டாண்ட், பாத்ரூம் கைப்பிடி, ஃப்ளஷ், குழாய் என்று நாள் முழுக்க அவர் தொடுவது இவற்றைத்தான். காலிங் பெல் பட்டனின் விளிம்பில் ஒரு சாப்பாட்டுத் துளி காய்ந்து ஒட்டியிருந்தது. மறுநாள் துடைத்துவிட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருந்தது. இந்தக் கிருமியின் வித்துகள், அதாவது விதைபோல் உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், காய்ந்த இடத்தில்கூட மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று படித்திருந்ததால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

துடைப்பவரிடம் கேட்டேன். "மருந்து ஏத்துற பம்பும் ஸ்டாண்டும் நர்ஸ் வேலைங்க, நாங்க கை வைக்கக் கூடாது" என்றார். நர்ஸோ அது ஹவுஸ்கீப்பிங் வேலை என்றார். சூப்பர்வைசரைத் தேடிப் போனால் மீட்டிங்கில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஆள் கிடைத்தபோது, கதவில் தொங்கும் தாளைக் காட்டி, "எல்லாம் டிக் ஆகியிருக்கே" என்றார். நான் அவரை உள்ளே கூட்டிவந்து அந்தத் துளியைக் காட்டினேன். அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் கை கொடுத்தவர் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். இந்தப் பொறுப்பில் ஒருவர் பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். நேராக அவரைக் கேளுங்கள், வேறு எங்கும் அலைய வேண்டாம். அவர் வந்தவுடன் தள்ளுவண்டியில் இருந்த, துடைக்கும் மருந்தைத்தான் முதலில் பார்த்தார். அது சாதாரணமாக எல்லா அறைக்கும் போடும் குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைக் கிருமிநாசினி. இந்த வித்துகளைக் கொல்லாது. குளோரின் வேண்டும். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு சேர்த்தால் 0.5 சதவீதம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கை சானிடைசரும் இந்தக் கிருமியிடம் செல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள் என்று எங்களிடமும் கண்டிப்பாகச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை எடுக்க வேண்டும். அழுக்கின் மேலேயே குளோரினைப் போட்டால் அந்த அழுக்கே அதன் பலத்தைத் தின்றுவிடும். அப்புறம், மருந்து போட்ட இடம் குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். எங்கள் அறைக்கு 10 நிமிடம் என்றார். அதுவரை நடந்ததோ, ஈரத்துணி போன கையோடு காய்ந்த துணியால் துடைப்பது.

துடைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த அறையில் என்ன கிருமி என்று அவரிடம் ஒருவருமே சொல்லவில்லை. சொன்ன பிறகு எவ்வளவு அக்கறையாகச் செய்தார் தெரியுமா? துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வருவார், அழுக்குத் துணியை மறுபடி பக்கெட்டில் முக்க மாட்டார், கட்டில் பக்கம் முடித்த பிறகே பாத்ரூமுக்குப் போவார். ஆனால் அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்த நாளில், பிளீச் கலந்த பக்கெட்டிலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றப் போனார். கத்தித்தான் நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் மூச்சுக்கே ஆபத்து. கூட இருப்பவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள்.

பம்பும் ஸ்டாண்டும் நர்ஸ், கட்டிலும் மேசையும் ஹவுஸ்கீப்பிங் என்று அந்த நர்ஸ் தாளில் பிரித்து எழுதி ஒட்டினார். அதோடு விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் ஜெல்லைக் கம்பியிலும் பெல்லிலும் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டுப் போய், மறுநாள் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: அட்மிஷன் போடும்போதே, முந்தின நோயாளி போன பிறகு திரைச்சீலையை மாற்றினீர்களா என்று கேளுங்கள். துடைக்க வருபவர்கள் நம் பொருள்களைத் தொடத் தயங்குவார்கள். மேசை நிறைய சாமான் இருந்தால் சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே மேசையைக் காலி செய்துவிடுங்கள்.