'டிட் யூ வென்ட்?' ஏன் வருகிறது?

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு. ஆங்கில டென்ஸ் (வினையின் காலம்) பயிற்சியில் வினையை மட்டும் கொடுத்து 'பாஸ்ட் எழுது' என்று சொல்லாதீர்கள். காலச் சொல்லோடு முழு வாக்கியம் கொடுங்கள்: 'ஷீ வாக்ஸ் டு ஸ்கூல் எவ்ரி டே'. பலகையில் நீங்கள் 'எவ்ரி டே'யை அழித்து 'யெஸ்டர்டே' எழுதுங்கள். பிள்ளைகள் 'வாக்ட்' என்று மாற்றட்டும். 'டுமாரோ' வந்தால் 'வில் வாக்'. இங்கே 'ஷீ வில் வாக்ஸ்' என்று பலர் எழுதுவார்கள். 'வில்' வந்தால் அந்த எஸ் போய்விட வேண்டும்.

மிகப் பிடிவாதமான பிழை 'டிட் யூ வென்ட்?', 'ஐ டிடின்ட் வென்ட்'. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே காட்டிவிடுகிறது, அதனால் வினை மூல வடிவத்துக்குத் திரும்பும்: 'டிட் யூ கோ?'. இதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்குவது தகும். 'யூ வென்ட்' என்று சொல்லவைத்து, உடனே அதையே கேள்வியாக, அடுத்து மறுப்பாக, மூன்றையும் தொடர்ச்சியாகச் சொல்லவிடுங்கள். எழுத்து வேலை அதன் பிறகுதான்.

'வாக்கெட்' என்று வாசித்தால் அங்கேயே திருத்துங்கள். 'வான்ட்', 'நீட்' போல டி (t அல்லது d) ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டுமே கூடுதல் அசை: வான்டட், நீடட்.

'கோ – வென்ட்' போன்ற ஒழுங்கற்ற வினைகள் வாரத்துக்கு ஐந்து போதும். 'கட்', 'புட்' மாறவே மாறாது. 'ரீட்' எழுத்தில் மாறாது, வாசிக்கும்போது 'ரெட்'.