கோடிட்ட இடத்தை நிரப்பிய அம்மா

நேற்று சாயங்காலத்திலிருந்து என் மகன் கவின் யாருடனும் பேசுவதில்லை. பாட்டியோடு பேசாதது நியாயம். நான் என்ன செய்தேன்? அந்த மார்க்கரை வாங்கி வந்தது நான்தானாம்.

முன்பெல்லாம் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்தால் கோடாலித் தைலம் வரும். இந்த முறை போக்கிமான் அட்டை வந்தது. ஜப்பான் கார்ட்டூன் ஜந்துகளின் படம் போட்ட, விளையாடவும் சேர்த்து வைக்கவுமான அட்டை. 'செலிப்ரேஷன்ஸ்' என்று ஒரு செட், போக்கிமானுக்கு 25 வயதானபோது 2021-ல் போட்டது. ஒரு பாக்கெட்டில் நாலே நாலு அட்டை. என்ன விலை என்று மச்சான் சொல்லவில்லை, என் மனைவியும் கேட்கவில்லை. இதையே என் தம்பி வாங்கி வந்திருந்தால் பில் வரைக்கும் போயிருக்கும்.

"மொத்தமே 25 அட்டைதான்பா, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றான் கவின். சீட்டுப் பிடிக்கிறவர்கூட இவ்வளவு நைச்சியமாக ஆள் சேர்க்க மாட்டார். இருநூறு அட்டை என்றால் நாமே கும்பிடு போட்டு விலகிவிடுவோம். 25 என்றதும் மனசு சபலப்படுகிறது. அப்புறம்தான் மெதுவாகச் சொல்கிறான், பழைய அட்டைகளின் மறுபதிப்பு என்று தனியாக இன்னொரு 25 இருக்கிறதாம்.

ஆனால் படங்கள் அழகுதான், அதைச் சொல்லிவிட வேண்டும். கிண்டல் பண்ணத்தான் கையில் வாங்கினேன். பலூன் கட்டிக்கொண்டு பறக்கிற பிக்காச்சு, அதாவது போக்கிமானின் மஞ்சள் எலி. ட்யூப்லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்தால் அட்டை முழுக்கப் பட்டுப்புடவை ஜரிகை மாதிரி மினுங்குகிறது. நெருப்பைக் கக்கும் சாரிசார்டையும் போனில் காட்டினான். மிட்சுஹிரோ அரிட்டா என்ற ஜப்பான்காரர் 1996-ல் வந்த முதல் செட்டுக்கு வரைந்தது, இதிலும் மறுபதிப்பாக இருக்கிறது. நம் பாக்கெட்டில்தான் இல்லை.

சாப்பிடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிற பயல், இந்த அட்டையைத் தொட சோப்புப் போட்டுக் கழுவுகிறான். மூலை மழுங்கக் கூடாது, கீறல் விழக் கூடாது. அமெரிக்காவுக்கு அனுப்பினால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்களாம். போன கணக்குப் பரீட்சையில் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். உறை போடுவதில் மும்முரமாகிவிட்டான்.

கடைசி பாக்கெட்டில் வந்தது பிறந்தநாள் பிக்காச்சு. மறுபதிப்பு 25-ல் ஒன்று. அதில் பிக்காச்சு என்ற பெயருக்கு முன்னால் ஒரு கோடு, வெற்றிடம். யாருடைய பிக்காச்சு என்று நாமே எழுதிக்கொள்ளலாம். உலகத்தில் சேகரிக்கிறவன் எவனும் எழுத மாட்டான் என்பது வேறு விஷயம்.

எங்கள் அம்மா எழுதுவாள். எவர்சில்வர் கடையில் பேர் வெட்டாமல் ஒரு ஸ்பூன்கூட வாங்காதவள். நான் ஹாஸ்டலில் பெட்ஷீட், பக்கெட், ஒரு ஜோடி செருப்பு எல்லாம் தொலைத்தேன். இனிஷியலோடு பேர் வெட்டிய டம்ளர் மட்டும் திரும்பி வந்தது. இப்போதும் காபி அதில்தான்.

கவின் டியூஷன் போயிருந்த நேரத்தில், மசாலா டப்பாவுக்குப் பேர் எழுதும் கறுப்பு மார்க்கரால் 'எஸ்.கவின்' என்று எழுதி வைத்துவிட்டாள். இனிஷியலுக்கே பாதிக் கோடு போய்விட்டதால், 'ன்' மட்டும் இடமில்லாமல் படத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

வந்து பார்த்தவன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிட்டார்.

"இடம் விட்டு வச்சிருக்கானே, எழுதாம?" என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவே அவன் விளக்கினான். இது விளையாடுற அட்டை பாட்டி, நமக்குப் பிறந்தநாளா இருந்தா பூவா தலையா போடணும், தலை விழுந்தா எதிராளியோட போக்கிமானுக்கு 50 பாயின்ட் கூட அடி விழும்.

"யாரு பிறந்தநாள்னு அவனுக்கு எப்படிடா தெரியும், பேரு இல்லாட்டி?"

கவினிடம் பதில் இல்லை. மாமி தலையாட்டினார். எனக்கும் சரியாகத்தான் பட்டது, சொல்லவில்லை.

இன்று காலை பார்த்தால் அந்த அட்டை ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் பரண் மேல். மார்க்கரைக் காணவில்லை. "மீதி அட்டைக்கெல்லாம் எழுத வேண்டாமாடா?" என்று கேட்டபடி அம்மா அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.