7 எம்.எம் பிட்டும் ஒரு பாழாப்போன ஞாயித்துக்கிழமையும்

அரை மணி நேர வேலைன்னு நெனச்சுத்தான் காலைல ஜாக்கி போட்டேன். பழைய போலோ, முன்பக்க பிரேக் பேட் மாத்தணும், அவ்ளோதான். இந்த வண்டில காலிப்பரை (பேடை டிஸ்க்கோட அழுத்துற பாகம்) புடிச்சிருக்கிற கைட் பின் ரெண்டும் ரப்பர் புஷ்ஷுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், மூடியை நெம்பி எடுத்தா உள்ள ஆழத்துல 7 எம்.எம் அலன் மண்டை, அதாவது ஆறு மூலைக் குழி வெச்ச மண்டை தெரியும். சாதாரண அலன் போல்ட்ல எம்6-க்கு, அதாவது 6 எம்.எம் தடிமன் போல்ட்டுக்கு 5 எம்.எம் கீ, எம்8-க்கு 6, எம்10-க்கு 8ன்னு போகும், நடுவுல 7க்கு வேலையே இல்ல, அதனால கடைல கிடைக்கிற அலன் கீ செட் பாதி 6ல இருந்து நேரா 8க்குத் தாவிடும். இதுக்குன்னே ஆன்லைன்ல 1/2 இன்ச் டிரைவ், 100 எம்.எம் நீள பிட் சாக்கெட் செட் (ராட்செட்ல மாட்டுற சாக்கெட், அதுல சொருகின அலன் தண்டுதான் பிட்டு) ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன், கண்ணாடி மாதிரி பளபளன்னு குரோம், பாக்கவே ஆசையா இருக்கும்.

மேல் பின் ஒழுங்கா வந்துருச்சு. கீழ் பின்ல ராட்செட்டை இழுக்கிறேன், கைப்பிடி அழகா வருது, கழண்டுருச்சுடான்னு சந்தோஷப்பட்டுக் கையை விட்டா பழைய எடத்துக்கே திரும்பிப் போயிருச்சு. பின் அசையவே இல்ல, பிட்டுதான் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிட்டுத் திரும்பியிருக்கு. ரெண்டாவது தடவை கொஞ்சம் வேகமா இழுத்ததுல சாக்கெட் மட்டும் கையோட வந்துருச்சு, பிட்டு பின்னுக்குள்ளயே நிக்குது! பிளையர் போட்டு உருவிப் பாத்தா நுனி கயிறு திரிச்ச மாதிரி திருகிக் கெடக்கு.

நம்ம மெக்கானிக் அண்ணனுக்கு போன் அடிச்சேன். வந்து பாத்துட்டு மொதல்ல கேட்டது, "ஏனுங் தம்பி, இந்த வேலைக்கு இத்தன நீளம் எதுக்குங்க?" அவர் பையில இருந்து எடுத்தது அசிங்கமா கறுத்துப்போன பிட்டு, என்னதுல பாதி நீளம்தான். பின் குழில இருந்த மண்ணை ஊசியால சுரண்டி எடுத்தார், பிட்டை வெச்சு சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினார், ஒரே இழுப்பு, டிக். அந்தப் பின்னை டைட் பண்றதே சுமார் 30 நியூட்டன் மீட்டர் திருகு விசைலதான், அதுக்குப் போய் நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கேன்.

அன்னிக்கு சாயந்திரம் டீ குடிச்சுக்கிட்டே அவர் சொன்னதும், நான் அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்ததும் சேர்த்து எழுதுறேன். அதே பலத்துல இழுத்தா நீளம் டபுள் ஆனா முறுக்கமும் டபுள். ஆனா தடிமன் விஷயம் அதை விடப் பெருசு, 5 எம்.எம் தண்டை 6 ஆக்கினாலே முறுக்கம் பாதியாயிடும், ஏன்னா அது விட்டத்தோட நாலாம் அடுக்குல போகுது. அதனால எடம் இருந்தா தண்டு தடியா இருந்து நுனில மட்டும் அலன் சைஸுக்கு ஒடுங்கிற மாடலை வாங்குங்க, நீளமும் வேலைக்கு வேணுங்கிற அளவு போதும். பெட்டில போட்டிருக்கிற 100 எம்.எம் பல சமயம் சாக்கெட்டையும் சேர்த்த மொத்த நீளம், வெளிய நீட்டிட்டு இருக்கிறது எவ்ளோன்னு ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டுதான் காசு குடுக்கணும்.

ஸ்டீல்ல எஸ்2ன்னு போட்டிருந்தா நல்லது, அடி தாங்கறதுக்குன்னே உருவான டூல் ஸ்டீல் அது, பிட்டுக்கு வரும்போது பொதுவா ராக்வெல் சிங்கிற கடினத்தன்மை அளவுல 58ல இருந்து 62 வரைக்கும் ஹார்ட்னஸ் வெச்சிருப்பாங்க. சாக்கெட் பகுதி குரோம் வனேடியமா இருந்தா போதும். நுனில பளபள முலாம் இருந்தா எனக்கு இப்பல்லாம் சந்தேகம்தான் வருது. முலாம் உரியும், உரிஞ்சா பிட்டு லூஸ் ஆகும், லூஸ் ஆனா போல்ட் மண்டை ரவுண்டாயிடும். கடைக்கு தடிமன் அளக்குற வெர்னியர் எடுத்துட்டுப் போறேன், கடைக்காரர் மொறைப்பார், மொறைக்கட்டும். 6 எம்.எம் பிட்டுன்னா 5.95க்கும் 6க்கும் நடுவுல நிக்கணும்.

பிட்டை சாக்கெட்ல எப்படி நிறுத்தியிருக்காங்கன்னும் பாருங்க. சும்மா அழுத்திச் சொருகினதுல மட்டமானது என்னோடது மாதிரி கழண்டு வந்துரும். குறுக்க பின் அடிச்சதோ கிரப் ஸ்க்ரூ (மண்டை இல்லாத குட்டி ஸ்க்ரூ) போட்டதோ நல்லது, பிட்டு தேஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம். நுனி மட்டும் தேஞ்சிருந்தா ரெண்டு எம்.எம் கிரைண்டர்ல சீவி விட்டா புது மூலை கிடைக்கும், ஆனா தொட்டுத் தொட்டு தண்ணில முக்கணும், நீலம் பாரிச்சுதுன்னா அந்த எடத்துல ஹார்ட்னஸ் போயிடுச்சுன்னு அர்த்தம். அண்ணனோட பிட்டு அவ்ளோ குட்டையா இருந்ததுக்குக் காரணமே அதுதானாம், வாங்கும்போது அதுவும் நீளம்தான்.

அடிச்சு அடிச்சுத் திருகுற இம்பாக்ட் கன்னுல குரோம் பிட்டைப் போடவே போடாதீங்க, அதுக்குன்னு கறுப்பு குரோம் மாலி ஸ்டீல்ல செஞ்சது இருக்கு. அப்புறம் இதே வண்டில டிரைவ் ஷாஃப்ட் போல்ட்ல எக்ஸ்.இசட்.என்ங்கிற பன்னண்டு முனைக் குழி இருக்கும், அதுல ஆறு முனை ஸ்டார் பிட்டைத் திணிச்சு மண்டையைக் கெடுத்துட்டு வர்றவங்க நிறையப் பேராம்.

திருகிப்போன என் பிட்டை, "குடுங்க தம்பி, பின் தட்டி எடுக்கற பஞ்ச்சா வெச்சுக்கறேன்"னு அண்ணன் வாங்கிட்டுப் போனார். அடுத்த வாரம் பட்டறைக்குப் போனப்ப கேட்டேன். மொத அடிலயே நுனி மடங்கிருச்சாம்.